ஒரே கலர் எல்லாம் ஒரு பக்கம்

ஷாலினி மேடம் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டினார். வெண்கலச் சிலைகள் இருந்த அந்தக் கூடத்தில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"பாய்ஸ், எல்லாரும் கையில எவ்ளோ அழகா கயிறு கட்டியிருக்கீங்க. பஸ்லயே கவனிச்சேன். சோ கலர்ஃபுல். இதை வெச்சே குரூப் பிரிச்சிடலாம். ஒரே கலர் எல்லாம் ஒரு பக்கம் வாங்க."

இடம், சென்னை மியூசியம். நின்றுகொண்டிருந்தவர்கள், ஒரகடம் பக்கத்தில் இருந்த எங்கள் கம்பெனிப் பயிற்சிப் பள்ளியின் மாணவர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுப் பெரும்பாலும் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்த பையன்கள். ஷாலினி மேடம், அவர்களுக்குப் பண்பாட்டுப் பன்மையைக் கற்றுக்கொடுப்பதற்காக பெங்களூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். நான் அவர்களுடைய டிராயிங் மாஸ்டர்.

அந்தக் கயிறுகள் என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பையன்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

ஒர்க்ஷாப்பில் வரிசையாக நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காத கூட்டம் அது. அன்றைக்கு ஒரு முணுமுணுப்பு இல்லாமல், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், அழகாகப் பிரிந்து நின்றது. மேடம் பூரித்துப் போனார். "சீ, ஹவ் குவிக்" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் பூரித்துக்கொண்டிருக்கட்டும். நாங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டிராயிங் என்றால் டிராயிங்தானே

நான் சொல்லிக்கொடுத்தது இன்ஜினியரிங் டிராயிங். ஒரு போல்ட்டை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி. உள்ளே மறைந்திருக்கிற விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அதை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட்டே ஆகவேண்டும். இதற்கு மேல் எனக்கும் கலைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

எங்கள் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முந்தைய வருஷம் வரை அவர் பர்சனல் மேனேஜர். தலைமையகம் பெயரை மாற்றச் சொன்னதால் எச்.ஆர். ஆனார். கதவில் பலகை மாறியது. உள்ளே அதே நாற்காலி, அதே ஆள், எதிரே நிற்பவனை உட்காரச் சொல்லாத அதே பழக்கம்.

"நீங்கதானே டிராயிங் மாஸ்டர்? மியூசியத்துல இருக்கறதும் டிராயிங்தானே. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

நான் நட்டும் போல்ட்டும் வரைகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஃபோனை எடுத்துவிட்டார். நாட்டியம் தெரிந்தவளைத் தேடினால் நாட்டுவைத்தியனைப் பிடித்துக்கொண்டு வருகிற நிர்வாகம் அது.

நோய்க்கு இட்ட பெயர்

எதற்காக மியூசியம்? அதற்குக் கான்டீனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் கான்டீனில் நீள நீள மேஜைகள். எந்த மேஜையில் யார் உட்காரலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பையன்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே மேஜைகள் பங்கு பிரிந்துவிட்டன. ஒரு நாள், இடமில்லை என்று ஒருவன் தட்டைக் கொண்டுபோய்த் தனக்கு உரிமையில்லாத மேஜையில் வைத்தான். தட்டு பறந்தது. சாம்பார் போய் விழுந்த இடம், அன்றைக்குப் பார்த்து ஆய்வுக்கு வந்திருந்த வெளிநாட்டு அதிகாரியின் கால்சட்டை.

தலைமையகம் காரணம் கேட்டது. காரணம் ஜாதி. அது எச்.ஆர். மேனேஜருக்குத் தெரியும், பாத்திரம் கழுவுகிறவருக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை மெயிலில் எழுதினால் கம்பெனிக்கு அசிங்கம் இல்லையா? அதனால் அவர் கலாசார வேறுபாடு என்று எழுதி அனுப்பினார். ஒரே பாஷை பேசுகிற, ஒரே சோற்றைத் தின்கிற, அடுத்தடுத்த ஊர்ப் பையன்களுக்குள் கலாசார வேறுபாடு.

அந்த வியாதிக்குத் தலைமையகத்தில் தயாராக மருந்து இருந்தது. உலகம் பூராவும் தங்கள் தொழிற்சாலைகளில் கொடுக்கிற மருந்து. மாணவர்களை மியூசியத்துக்கு அழைத்துப் போகவேண்டும். கலைப் பொருள்களுக்கு முன்னால் நிறுத்தவேண்டும். பலவிதமான பண்பாடுகளைப் பார்த்து அவர்கள் மனம் விரியும். விரிந்ததற்குச் சாட்சியாகப் புகைப்படம் எடுத்து அனுப்பவேண்டும்.

மணிக்கட்டு

இனி அந்தக் கயிறு.

கோயில் கொடை விழாவில் சாமி கயிறு கட்டிக்கொள்வது எங்கும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பையன்கள் சிலருடைய ஊர்ப் பக்கம், முறுக்கின நூலின் நிறத்தைப் பார்த்தால் கட்டியிருப்பவன் யாரென்று தெரிந்துவிடும். வாயைத் திறந்து கேட்கவேண்டிய சிரமம் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிடுமாம். எந்த நிறம் யாருக்கு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நிறங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கையில் கயிறு, மோதிரம், கடிகாரம் கூடாது என்று ஒர்க்ஷாப் சுவரில் பெரிய பலகை இருந்தது. லேத் மெஷினில் சிக்கினால் கை போய்விடும். இருந்தாலும் கயிற்றைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சாமி விஷயம் என்று சூப்பர்வைசர் ஒதுங்கிக்கொண்டார். எச்.ஆர். மேனேஜர் கையிலேயே திருப்பதிக் கயிறு இருந்தது.

இதையெல்லாம் தெற்கத்திக்காரர்களின் காட்டுமிராண்டித்தனம் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்து யோக்கியதையும் எனக்குத் தெரியும். பிள்ளைப்பாக்கத்தில் ஏகாம்பரம் என்று ஒருவர், தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வரிசை வீடு கட்டி, எங்கள் டிரெய்னிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வீடு கேட்டுப் போகிறவனிடம் அவர் பெயரைக் கேட்கமாட்டார். "இன்னா ஆளுங்கப்பா நீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கயிறு கட்டாத ஊரில் அதை வாயால் கேட்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு அப்பா

ஏகாம்பரத்தின் வரிசை வீட்டு அறை ஒன்றில்தான் இசக்கிராஜ் இருந்தான். கூட இருந்தவர்களுக்கெல்லாம் வேல்துரை என்பவன்தான் தலைவன். அந்த அறையில் எல்லோர் கையிலும் ஊதாவும் வெள்ளையும் முறுக்கின கயிறு. இசக்கி கையிலும் அதுவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் துணிப்பையுமாக ஒருவர். சாயலிலேயே அப்பா என்று தெரிந்தது. இசக்கியின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போனது. பைக்குள்ளே கயிற்று நுனி தெரிந்தது.

அப்பா என்னைக் கும்பிட்டார். பையிலிருந்து கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "பய நல்லா படிக்கானா சார்? மாரியும் இங்கனதான் இருக்கான். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கிடுதாங்கன்னுதான் எங்களுக்கு ஒரு தைரியம்."

மாரிச்செல்வம் அதே பேட்ச்சில் இருந்தான். கான்டீனில் தட்டு பறந்ததே, அந்தத் தட்டுக்காரன். அவன் கையில் மஞ்சளும் கறுப்புமான கயிறு. அவனும் இசக்கியும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து இசக்கி என் எதிரே நின்றான்.

"ரூமுல சொல்லிராதிய சார். மாரி என் சித்தப்பா மவன்."

ஊரிலிருந்து சேர வந்த அன்றைக்கு பஸ்ஸில் வேல்துரை பக்கத்து சீட். பேச்சுவாக்கில் ஊரை மட்டும் கேட்டுவிட்டு இசக்கியைத் தன் ஆள் என்று நினைத்துக்கொண்டு, தன் பையிலிருந்த கோயில் கயிற்றை எடுத்து அவன் வெறும் கையில் கட்டிவிட்டிருக்கிறான். புது ஊர், தெரியாத இடம், தங்க அறை வேறு கிடைக்கிறது. இவன் பேசாமல் இருந்துவிட்டான். அன்றிலிருந்து ஒரே பானைச் சோறு.

"இப்பம் தெரிஞ்சா உயிரோட விடமாட்டானுவ சார். அடிதடின்னு வந்தா கம்பெனியிலயும் வெளிய அனுப்பிருவாவ. அப்பாட்ட என்னன்னு போய்ச் சொல்ல?"

சாம்பார் சம்பவத்துக்குப் பிறகு, சண்டையில் சம்பந்தப்பட்டவன் யாராக இருந்தாலும், அடித்தவனோ அடிவாங்கினவனோ, பயிற்சி ரத்து. அது கம்பெனியின் நியாயம். அப்பாவையே கடைத்தெருவில் வைத்துப் பார்த்து அனுப்புகிற நிலைமையில் பையன் இருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்து நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பது அதைவிடக் கோபத்தைக் கிளப்பியது.

எந்தத் தெரு?

மியூசியத்துக்கு பஸ் ஓட்டியவர் பென்னலூர்க்காரர். "எங்க சார், செத்த காலேஜுக்கா? சின்னப் புள்ளைல எங்க நைனா இட்டுக்கினு போச்சு" என்று உற்சாகமாகக் கிளம்பினார். அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார்கள். எச்.ஆர். மேனேஜர் முகம் சுளித்தார்.

முதலில் ஓவியக் கூடம். சுவர் உயரத்துக்கு ஓர் எண்ணெய் ஓவியம், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி ஜன்னலோரம் நிற்கிறார். மேடம் எல்லோரையும் அதற்கு முன்னால் நிறுத்தி, பேசாமல் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

"இந்த லேடி இப்போ உங்ககிட்ட பேசுவாங்கன்னு நினைச்சுக்கோங்க. முதல்ல என்ன கேப்பீங்க?"

வேல்துரைதான் வாயைத் திறந்தான். "எந்த ஊருன்னு கேப்போம் மேடம்."

"வெரி குட். அடுத்து?"

"எந்தத் தெருன்னு கேப்போம்."

பையன்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். முகவரி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார். ஊரையும் தெருவையும் சொல்லிவிட்டால் மீதி எதையும் கேட்கவேண்டியதில்லை என்பது பெங்களூரில் யாரும் அவருக்குச் சொல்லாத விஷயம். ஆர்வம், கேள்வி கேட்கும் மனப்பான்மை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பின்னால் நின்ற இசக்கி சிரிக்கவில்லை.

அங்கிருந்து வெண்கலக் கூடத்துக்கு வந்தோம். குரூப் பிரிக்கலாம் என்றார் மேடம்.

வெண்கலக் கூடம்

ஊதா வெள்ளை ஒரு பக்கம். மஞ்சள் கறுப்பு ஒரு பக்கம். வேறு இரண்டு நிறங்கள் தூண் ஓரமாக. பன்மையைக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில், கான்டீன் மேஜைகள் அப்படியே எழுந்து வந்து நின்றன.

எங்கள் பக்கத்துப் பையன் ஸ்டீபன் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டான். "இன்னா மேடம், என் கைல ஒண்ணியும் இல்ல. நான் எங்க நிக்கிறது?"

"நீங்க சும்மா எல்லாரையும் அப்சர்வ் பண்ணுங்க."

இசக்கி, வேல்துரைக்குப் பக்கத்தில் ஊதா வெள்ளையில் நின்றான். எதிரே மஞ்சள் கறுப்பில் மாரி. சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடுவில் இருந்த அம்மன் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் கூடப் போகட்டும் என்றிருக்கலாம். மேடத்துக்கு இன்னொரு யோசனை வந்தது.

"இப்போ எக்ஸ்சேஞ்ச். ஒவ்வொருத்தரும் உங்க கயிறை அவிழ்த்து வேற குரூப்ல ஒருத்தர் கையில கட்டணும். அவங்க கயிறை நீங்க கட்டிக்கணும். யூ ஆர் ஷேரிங் யுவர் கல்ச்சர். ஓகே?"

நான் ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன். "மேடம், இது மட்டும் வேண்டாம். அது சாதாரணக் கயிறு இல்ல."

"சார், பிளீஸ். இவ்ளோ நெகட்டிவ்வா இருக்காதீங்க. பசங்க எவ்ளோ என்ஜாய் பண்றாங்க பாருங்க."

எச்.ஆர். மேனேஜரைப் பார்த்தேன். அவர் ஒரு நடராஜரின் திருவாசியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொண்டால் பொறுப்பேற்கவேண்டுமே.

ஒருவனும் அசையவில்லை. வேல்துரை தன் ஆட்களுக்குக் கேட்கும்படி மெல்லச் சொன்னான். "ஒருத்தனும் போகக்கூடாதுல. அவனுவ கையில கெடந்தத நம்ம கையில கட்டுததுக்கு, கைய வெட்டிப் போட்டுட்டுப் போயிரலாம்."

மெல்லச் சொன்னாலும் அந்தக் கூடத்தில் எனக்கே கேட்டது. பக்கத்தில் நின்ற இசக்கிக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த மாதிரிப் பேச்சைத் தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்கினவன். இன்றைக்கு மட்டும் ஏன் விழுங்கமுடியவில்லை என்று எனக்குத் தெரியாது. எதிரே தம்பி நின்றதனால் இருக்கலாம்.

அவன் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான். பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தான். நடுவில் இருந்த இடத்தைத் தாண்டி நேராக மாரியிடம் போனான்.

"வாவ்" என்றார் மேடம். "கேமரா, கேமரா."

மாரி பின்னால் ஒதுங்கினான். உதடு அசையாமல் சொன்னான். "வேண்டாம்ல இசக்கி. ராத்திரி அந்த ரூமுக்குத்தான போவணும் நீ."

"கட்டுல" என்றான் இசக்கி.

மாரி தன் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கட்டினான். முடிச்சு விழ நேரமாயிற்று. இசக்கி ஊதா வெள்ளையை மாரியின் கையில் சும்மா சுற்றிவிட்டான். ஃபிளாஷ் வெட்டியது. இரண்டு வேறு பண்பாடுகள் கைகோத்த அந்தத் தருணத்தைக் கம்பெனி கேமரா பிடித்துக்கொண்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகளின் கை இரண்டும்.

செம்பரம்பாக்கம் தாண்டும்போது

திரும்பும்போது பஸ்ஸில் மேடம் இல்லை. விமானத்தைப் பிடிக்கப் போய்விட்டார். எச்.ஆர். மேனேஜர் தன் காரில் போய்விட்டார். பன்மையும் நானும் மட்டும் பஸ்ஸில்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிய ஆரம்பித்தபோது வேல்துரை எழுந்து இசக்கியின் சீட்டுக்கு வந்தான்.

"எங்க கயிற அவன் கையில கட்டிட்டு, அவன் கயிற நீ கட்டிட்டு வந்திருக்க. சரி, மேடத்துக்காவ செஞ்சன்னு வச்சுக்கிடுதோம். இப்பம் அத அத்து வெளிய எறி."

இசக்கிக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. கயிற்றை எறிந்துவிட்டு, மேடம் சொன்னதால் செய்தேன் என்றால் போதும், அறையும் சோறும் பழையபடி இருக்கும்.

"எறிய மாட்டேன். இது என்னுது."

"என்னது?"

"என்னுதுன்னு சொல்லுதேன். மாரி எங்க சித்தப்பா மவன். எங்க தெரு."

வேல்துரை ஒரு கணம் முழித்தான். கூட உண்ட சோறு அத்தனையும் அவன் ஞாபகத்தில் வந்திருக்கவேண்டும். பிறகு ஓங்கி அறைந்தான். மஞ்சள் கறுப்பு சீட்டுகள் எழுந்தன, ஊதா வெள்ளை சீட்டுகளும் எழுந்தன. நான் நடுவில் விழுந்தேன். என் கண்ணாடி யார் காலிலோ மிதிபட்டது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"என் வண்டில அடிச்சிக்கினு சாவாதீங்கடா. நேரா ஸ்டேஷனுக்கு வுட்றவா?"

போலீஸ் என்றதும் அடங்கினார்கள். இசக்கியை முன்னால் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். கன்னம் வீங்கியிருந்தது. அழவில்லை. கயிற்றை இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்விட்டது. எப்படிப் போனதோ, அவனுடைய டிரங்குப் பெட்டியும் பாயும் வரிசை வீட்டுக்கு வெளியே கிடந்தன. ஏகாம்பரம் வாசலிலேயே நின்றார்.

"எனக்கு இன்னாத்துக்கு சார் வம்பு? இன்னா ஆளுன்னு மொதல்லயே கரெக்டா சொல்லியிருந்தா நான் வூடே குட்த்துருக்க மாட்டேன். இந்தப் புள்ள பொய் சொல்லிட்சு."

அவர் நிலம் போனதற்கு நஷ்டஈடு கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நீதி, நியாயம் என்று கோஷம் போட்டவர். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். மறுபக்கத்தை மாரி பிடித்தான்.

புகைப்படம் செய்த நியாயம்

திங்கட்கிழமை எச்.ஆர். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். "டிசிப்ளின் இஸ் டிசிப்ளின். அடிச்சவன், அடிவாங்கினவன் ரெண்டு பேரையும் அனுப்பிடலாம். இசக்கிராஜ் ஆள்மாறாட்டம் வேற பண்ணியிருக்கான்."

"என்ன ஆள்மாறாட்டம் சார்? சர்ட்டிபிகேட்ல பொய் சொன்னானா?"

"அதில்ல. கூட இருந்தவங்களை ஏமாத்தியிருக்கானே."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். ஜாதி என்ற வார்த்தையை மெயிலில் எழுதக் கூசினவர், அதை மறைத்ததைக் குற்றம் என்று எழுதத் தயாராக இருந்தார். நான் கத்திவிட்டேன். அவர் கதவைக் காட்டினார்.

இசக்கியின் பயிற்சியைக் காப்பாற்றியது என் கத்தல் அல்ல. தலைமையகத்திலிருந்து மறுநாள் வந்த பாராட்டு. மேடம் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து அங்கே உருகிவிட்டார்களாம். கம்பெனியின் பத்திரிகைக்கு அதுதான் அட்டைப்படம் என்றார்கள். அட்டையில் சிரிக்கவேண்டிய பையனை வெளியே அனுப்பமுடியாது. அவனை அனுப்பாவிட்டால் அவனை அறைந்தவனையும் அனுப்பமுடியாது, அறை என்று ஒன்று நடந்ததாகிவிடுமே. ஆகவே பஸ்ஸில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவாயிற்று.

அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக இனி யாரும் கையில் கயிறு கட்டக்கூடாது. கேட்டில் செக்யூரிட்டி கத்தரிக்கோலோடு நின்றார். அத்தனை காலம் சாமி விஷயமாக இருந்தது ஒரே காலையில் மெஷின் விஷயமாகிவிட்டது. மேனேஜரின் திருப்பதிக் கயிறு மட்டும் கடிகாரப் பட்டைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. வரவேற்பறைச் சுவரில், கயிறு கட்டிய கைகள் இரண்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிதாகத் தொங்கின.

பெரியவர் கேட்ட கேள்வி

மழைக்காலம் முடிந்த பிறகு தலைமையகத்துப் பெரியவர் நேரில் வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அட்டைப்படப் பையன்களைப் பார்க்கவேண்டும் என்றார். இசக்கியையும் மாரியையும் புகைப்படத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். பின்னால் மற்ற டிரெய்னிகள் வரிசையாக நின்றார்கள், வேல்துரை உட்பட. தெற்கத்திப் பையன்களின் தமிழ் தனக்குப் பாதி புரிவதில்லை என்று சொல்லி எச்.ஆர். மேனேஜர் மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார். வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

பெரியவர் குனிந்து கேட்டார். நீங்கள் இருவரும் எந்தெந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள்?

நான் தமிழில் கேட்டேன். மாரி தலையைக் குனிந்துகொண்டான். இசக்கி நிமிர்ந்து பெரியவரையே பார்த்தான்.

"நாங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி சார். ஒரே தெரு. அவியகிட்ட அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். சொந்த சித்தப்பா மகன் என்பதையும் சேர்த்து, விளக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பெரியவர் புகைப்படத்தைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பின்னால் இருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். அப்படியானால் மற்றவர்களில் ஒருவரும் கயிற்றை மாற்றிக்கொள்ள முன்வரவில்லையா?

அதையும் தமிழில் உரக்கச் சொன்னேன். வரிசையில் ஒருவனும் நிமிரவில்லை. வேல்துரை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எச்.ஆர். மேனேஜர் சாப்பாடு ஆறுகிறது என்றார்.

அடுத்த வாரம் புகைப்படத்தைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஆணியில் தீயணைப்பு விதிமுறைப் பலகையை மாட்டினார்கள். ஷாலினி மேடத்தின் வகுப்பு மறுவருஷமும் நடந்தது, வேறு மியூசியத்தில். டிராயிங் மாஸ்டரைக் கூப்பிடவில்லை.

இசக்கிக்கும் மாரிக்கும் ஒரே நாளில் வேலை நிரந்தரமானது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். இசக்கியின் அப்பா அதே துணிப்பையோடு இறங்கினார். மாரி பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூன்று பேரும் பென்னலூரில் எடுத்திருந்த அறைக்குக் கிளம்பினார்கள். அப்பா கையில் பழைய மஞ்சள் கறுப்புக் கயிறு இருந்தது. இசக்கியின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"கம்பெனிக்குள்ளதானே கட்டக்கூடாது. வெளியே கட்டிக்கலாமே, இசக்கி?"

அவன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"எதுக்கு சார்? அதான் இப்பம் எல்லாத்துக்கும் தெரியுமே."